‘குட்’ என்று சொல்லிவிட்டேன்

மூன்று நாட்களாக, காலையில் வண்டிக் கதவைத் திறந்ததும் தோசைக்கரண்டியால் படியை நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தரையில் கால் வைத்தோம். ‘இறங்கும் முன் வண்டிக்கு அடியில் முதலை இருக்கிறதா எனப் பார்க்கவும்’ என்று முகாமில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். வழுக்கும் தரை என்று எச்சரிக்கிற அதே சாதாரணத் தொனியில். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது ஆர்.வி. என்று இங்கே அமெரிக்காவில் சொல்லும் வண்டி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. என் கணவர் செல்வத்துக்கு அதற்கு மூன்று மாதம் முன்புதான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட ஒரே ஆசை, தெற்கு ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது. எனக்கு விருப்பமில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சரி என்றேன்.

நான்காம் நாள் முற்பகலில் ஒரு சரளைக்கல் பாதையில் போனோம். இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர், அதற்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், வெள்ளைக் கொக்குகள். எதிரே வந்த காருக்கு ஒதுங்கியபோது பின்சக்கரம் ஓரத்துச் சேற்றில் இறங்கிவிட்டது. அந்தக் கார் நிற்காமல் போய்விட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. செல்வம் இறங்கிப் பின்னால் போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் பள்ளத்திலிருந்து ஒரு முதலை ஏறி வந்தது. அவசரமே இல்லாமல் வந்து, அவருக்கும் கதவுக்கும் நடுவில் படுத்தது. நான் ஜன்னலில் அதைப் பார்த்தேன். கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். பின்பக்க இரும்பு ஏணியில் அவர் கால்கள் ஏறுவது மட்டும் கேட்டது.

கூரையில் காற்றுக்காக ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் கொசுவலையைக் கத்தியால் கிழித்தேன். அவருடைய ஒரு கால் தெரிந்தது.

“ஏங்க, நெஞ்சு வலிக்குதா?”

“வலியில்ல. படபடன்னு வருது. நீ கதவத் தொறந்துறாத, வாசல்லயே கெடக்கு.”

“எம்புட்டுப் பெருசு?”

“உமா, தண்ணி மட்டும் குடு.”

பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். ஹாரனை அழுத்திப் பார்த்தேன். முதலை தலையை மட்டும் தூக்கி, தொண்டையை உப்பி உறுமியது. கை தானாக ஹாரனை விட்டுவிட்டது. அவ்வளவு பெரிய வண்டியை நான் ஓட்டியதும் இல்லை.

கல்யாணமான புதிதில் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் மாமனார் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு நல்ல பாம்பு என்னை மறித்துக்கொண்டது. திருநகரில் தெருவிளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த எனக்கு அலற மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு தடவை அலறினேன். பருத்திக் காட்டிலிருந்து பத்துப் பேர் ஓடி வந்துவிட்டார்கள். “அசையாம நில்லுத்தா, அது பாட்டுக்குப் போயிரும்” என்று வாசலில் நின்று ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். பாம்பு போகும்வரை அந்தக் குரல் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே அலறினால் கொக்குகள்தான் எழும்பிப் பறக்கும்.

அரைமணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வண்டி வந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெரியவர். முதலை கிடந்ததற்கு மறுபக்கம் வேகத்தைக் குறைத்து, எங்கள் வண்டியின் ஓட்டுநர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, “யூ ஆல் குட்?” என்றார். “குட், குட், தேங்க்யூ” என்றேன். இருபது வருடமாக அலுவலகத்திலும் கடையிலும் மருத்துவமனையிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். ஸ்டென்ட் வைத்த அன்றும் நர்ஸிடம் அதையேதான் சொன்னேன். பெரியவர் கையை உயர்த்திவிட்டு, கூரையில் படுத்திருந்த செல்வம் எழுந்து நிற்பதற்குள் போய்விட்டார்.

என்ன சொன்னேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஜன்னலில் இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டு கத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“அண்ணே, போகாதீங்கண்ணே. அண்ணே.”

பிக்கப்பின் பின்விளக்குகள் சிவந்தன.

அவர் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி வந்து, கூரைமேல் நின்ற செல்வத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. தன் வண்டியை மெதுமெதுவாக முதலையை நோக்கி உருட்டினார். அது கடைசிவரை பொறுத்திருந்து பள்ளத்தில் இறங்கியது. கரையோரத்தில் சாண் நீளக் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. “தாய் அது” என்று பள்ளத்தைக் காட்டினார். சங்கிலி கட்டி எங்கள் வண்டியைப் பாதைக்கு இழுத்துவிட்டு, நான் கத்தியது என்னவென்று கேட்டார். மூத்த சகோதரர் என்றேன். சங்கிலியைச் சுருட்டித் தன் வண்டியில் போட்டார். பிறகு, “அப்படியானால் உங்கள் அண்ணன் சொல்கிறேன், இனிமேல் கீழே இறங்காதீர்கள்” என்றார். செல்வம் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தார். அன்று வண்டியை மெயின் ரோடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். பெரியவர் முன்னால் ஊர்ந்து வழிகாட்டினார்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தோம். நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தது. நாத்தனார் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி, அல்லிப்பூப் பறித்தபடி கூப்பிட்டாள்.

“வாங்க மதினி, முழங்காத் தண்ணிதான்.”

“வாரேன்” என்றேன். கால் நகரவில்லை. கண் தண்ணீரில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“என்ன மதினி, நம்ம கம்மாயில என்ன பயம்?”

“வாரேன்டி” என்றேன் மறுபடியும். பக்கத்தில் செல்வமும் செருப்பைக் கழற்றாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.