உயர்த்திய கேப்பும் முப்பத்து மூன்று அங்குல ரயரும்

ஒரு வாகனம் றோட்டைத் தொடுகிற இடம் நாலு உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கைக்கும் பொறுப்பானவர்கள் ரயர்க் கடைக்காரர்கள், ஆனால் ரயரைப் பற்றி ஊரில் எல்லாரிடமும் கேட்கிறவர்கள் எங்களிடம் மட்டும் கேட்பதில்லை.

சுன்னாகத்துக்குக் கிட்ட, காங்கேசன்துறை வீதியில் இருக்கிறது எங்கள் கடை. தொழில்நுட்பக் கல்லூரியில் என்னுடைய வருடத்தில் மோட்டார் வாகனப் பாடம் படித்த ஒரே பெண் நான். என்னோடு சேர்ந்து கடையை நடத்துகிறவர் குருநகர் டேமியன் அண்ணை. அளப்பதும் சொல்லுவதும் என் வேலை. கழற்றுவதும் பூட்டுவதும் அவர் வேலை. கொஞ்சக் காலமாக இந்தப் பக்கம் ஒரு வியாதி பரவியிருக்கிறது. பின்னுக்குத் தட்டு உள்ள கேப் வாகனம் வைத்திருக்கிற எவருக்கும் அது இருக்கிற உயரம் காணாது. முறையான சாமான் போட்டு உயர்த்தக் கையில் வசதியும் காணாது. ஆகவே லேத்துப் பட்டறையில் இரும்புக் கட்டை கடைந்து ஸ்பிறிங்குக்கு மேலே செருகிவிட்டு, எங்கேயோ மலிவாகப் பொறுக்கிய பெரிய ரயர் நாலையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது, சொல்கிறேன்.

முதலாளி எங்கே?

வெள்ளை நிற டபுள் கேப். ஓட்டி வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லையோ?" என்றார். நான்தான் என்றேன். பகிடி கேட்டவர் மாதிரிச் சிரித்தார். முப்பத்து மூன்று அங்குல ரயர் போட வேண்டுமாம். நிலத்தில் சாக்கை விரித்துப் படுத்து, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இடைவெளியாக அளந்தேன். எழும்பி வந்து, முப்பத்தொன்றுக்கு மேல் போனால் திருப்பும்போது மட்காட்டில் உரசும், வேண்டாம் என்றேன். இல்லை, தன்னுடைய சிநேகிதன் போட்டிருக்கிறான் என்றார். அது வேறு வாகனம் என்றேன். இல்லை, போனில் படம் இருக்கிறது என்றார். இப்படியே அரை மணித்தியாலம். என் தலைமுடியில் அவருடைய வாகனத்துச் சேறு காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் டேமியன் அண்ணை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். வந்தவர் வாகனத்தைத் தொடவும் இல்லை, குனியவும் இல்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்து, "முப்பத்தொண்டுக்கு மேலை உரசும் தம்பி" என்றார். அவ்வளவுதான். ஆளின் முகம் தெளிந்துவிட்டது. முப்பத்தொன்றே போடச் சொன்னார். போகும்போது டேமியன் அண்ணையின் கையைப் பிடித்துச் சொன்னார்: "உதை முதலே ஒரு ஆம்பிளை சொல்லியிருந்தா நான் ஏனண்ணை இவ்வளவு நேரம் கதைக்கிறன்?"

ஒரு நாள் படத்துக்கு

கைதடியிலிருந்து வந்தவர் வெளிநாட்டில் இருக்கிறவர். லீவுக்கு வந்திருந்தார். தகப்பனின் பழைய கேப்பை உயர்த்தி, மணற்காட்டு மணலில் ஓட விட்டு, மேலேயிருந்து படம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிறதுக்கு நண்பர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஆனால் செலவு கூடாதாம். ஒரு நாள் ஓட்டத்துக்கு எதற்கு அப்பா வைத்திருக்கிற நல்ல வாகனத்தைக் குழப்புகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்ப்பக்கக் கடையில் கட்டையும் வைத்து, பழைய ரயரும் பூட்டி, கழற்றின நல்ல ரயர் நாலையும் அந்தக் கடைக்கே விற்றுவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு பிளேன் ஏறிப் போய்விட்டார்.

மூன்று கிழமை கழித்து அந்தக் கேப் எங்கள் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூல் கயிற்றில் கட்டி இறங்கியது. பிறகு எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த ஸ்ரூலில் கால் வைத்து இறங்கினார். முந்திப் போட்டிருந்த ரயரையே திருப்பிப் போட்டுத் தரச் சொன்னார். அது விற்றாயிற்று என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு அது தெரியாது. டேமியன் அண்ணை கட்டைகளைக் கழற்றி இறக்கி, கடையில் கிடந்ததில் நல்லதாக நாலு ரயர் தேடிப் பூட்டினார். அந்த மகன் மட்டும் அன்றைக்கு என் முன்னால் நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுத முடியாது. ஐயா கோபப்படவே இல்லை. ஸ்ரூலைத் தூக்கிப் பின்னுக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பெடியன் ஆசைப்பட்டான் பிள்ளை. நானெல்லோ மூண்டு கிழமையா ஸ்ரூலோடை கோயிலுக்குப் போறன்."

நாலு இலக்கம்

ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேட்டு, திருத்தமான தமிழ். தன்னுடைய ஜீப்புக்கு நாலு பெரிய ரயர் கொண்டுவந்தார். பளபளவென்று கறுப்பு. விரலால் தேய்த்தேன், விரல் கறுப்பாயிற்று. பூசியிருக்கிறார்கள். பூச்சுக்குக் கீழே பக்கச் சுவரெல்லாம் வெடிப்பு. ரயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும்; எந்த வருடம், எத்தனையாவது கிழமை செய்தது என்று அதில் தெரியும். அதைக் காட்டினேன். பதினாறு வருடம். றோட்டில் பதிகிற பூ இன்னும் தேயவில்லையே என்றார். பூ தேயாமலே ரப்பர் செத்துப்போகும் ஐயா, ஓடிக்கொண்டிருக்கும்போது வெடிக்கும் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுடைய கணக்குப் பிழையைத் திருத்தியிருப்பார்! இந்த நாலு இலக்கத்தை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ரயர் என்ன பேக்கரிப் பாணோ பிள்ளை, நாள் கடந்தா எறியிறதுக்கு?"

மயிலிட்டி

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்கள் மேல் வந்த கோபம். இது அப்படியில்லை.

மயிலிட்டி ராசன் படம் எடுக்க வந்தவர் இல்லை. அவருக்கும் அவருடைய மச்சான் செல்வத்துக்கும் சேர்த்து ஒரு வள்ளம். அதை றெயிலரில் வைத்து மணலுக்குள்ளால் இழுக்கக் கேப் தேவை. சின்னச் சில்லு மணலில் புதைகிறது, பெரிய சில்லு வேண்டும். நியாயமான தேவை. அவரும் லேத்துக் கட்டை வைத்து உயர்த்திக்கொண்டு, முப்பத்து மூன்று அங்குலப் பழைய ரயரோடுதான் வந்தார். ஆனால் ரயர் நல்ல ரயர். பார்த்துத் தெரிந்து வாங்கியிருந்தார். ஒன்றைப் பூட்டி ஸ்ரியறிங்கை ஒடித்துப் பார்த்தோம். முழுதாக ஒடித்தால் ரயர் பிறேக் ஓஸில் முட்டியது. பிறேக் எண்ணெய் போகிற ரப்பர்க் குழாய் அது. வாகனத்தை உயர்த்தியதால் ஏற்கெனவே இழுபட்டு விறைத்துக்கொண்டு நின்றது. நீளமான ஓஸ் வேண்டும், கொழும்பிலிருந்து எடுக்க ஒரு கிழமையாகும், அதுவரை பூட்ட முடியாது என்றேன்.

"அக்கா, இப்பதான் கடல் சரிவந்திருக்கு. ஒரு கிழமை எண்டா எனக்கு ஒரு கிழமைத் தொழில். அடுத்த கிழமை நானே கொண்டுவாறன், ஓஸை மாத்துங்கோ."

மாட்டேன் என்றேன். டேமியன் அண்ணை என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். அவரும் கடற்கரையில் பிறந்தவர். "பாவம் பிள்ளை. ஓஸைக் கம்பியாலை இழுத்துக் கட்டிவிடுவம். மெதுவாத்தானே ஓடப்போறான்" என்றார். நான் யோசித்தேன். அந்த ஸ்ரூல் ஐயாவுக்காக அவ்வளவு கோபப்பட்ட நான், உப அதிபருக்குப் பாடம் எடுத்த நான், சரி என்றேன். முழுதாக ஒடிக்காதையுங்கோ என்று மூன்று தரம் சொன்னேன். ராசன் மூன்று தரமும் தலையாட்டினார். டேமியன் அண்ணை கம்பி கட்டினார். நான் குனிந்து அந்தக் கம்பியை இழுத்தும் பார்த்தேன்.

அடுத்த கிழமை ராசன் வரவில்லை. ஓஸ் வந்து கடையில் கிடந்தது. போனில் கோல் எடுத்தேன், நாளைக்கு அக்கா, நாளைக்கு என்றார். பத்தாம் நாள், வள்ளத்தை ஏற்றிய றெயிலர் பின்னுக்கு இருக்க, துறைமுகச் சரிவில் கேப்பைப் பின்னோக்கி இறக்கியிருக்கிறார். றெயிலர் ஒரு பக்கம் வளைய, நேராக்குவதற்கு ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்திருக்கிறார். கம்பி விட்டது, ஓஸ் கிழிந்தது, பிறேக் பெடல் அடிவரை போயிற்று. மிச்சமிருந்த பின்பிறேக்கை ஈரப் பாசி பிடிக்க விடவில்லை. பக்கத்தில் நின்று கைகாட்டிய செல்வத்தின் கால் றெயிலர்ச் சில்லுக்கும் சீமெந்துக் கட்டுக்கும் நடுவில் அகப்பட்டது. கேப் பாதி கடலுக்குள் போய்த்தான் நின்றது.

செய்தி வந்த அன்றைக்கு நானும் டேமியன் அண்ணையும் கடைக்குள் நின்று கத்திப் பிடித்த சண்டை எதிர்ப்பக்கக் கடைவரை கேட்டிருக்கும். நீங்கள்தான் கேட்டனீங்கள் என்றேன். நீதானே ஓம் எண்டனி என்றார். இரண்டும் உண்மை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வத்தின் காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்திருந்தது. ராசன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. நான் தோடம்பழப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, முழுதாக ஒடிக்க வேண்டாம் என்று சொன்னனான், ஓஸ் வந்து கிடக்கிறது, மாற்றச் சொன்னனான் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு போனேன். நான் முடித்த பிறகு, செல்வம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்கள் சொன்னனீங்களெண்டு ராசன் அத்தானும் சொன்னவர் அக்கா. சொன்னதும் நீங்கள்தான், பூட்டினதும் நீங்கள்தான்."

அதே சைஸ்

செல்வம் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். இன்னும் கடலுக்குப் போகவில்லை. அந்தக் கேப்பை மேலே இழுத்துக் கொண்டுவந்து, கட்டைகளைக் கழற்றி, முந்தின சின்ன ரயரையே பூட்டிக் கொடுத்தோம். ராசன் நன்றி சொன்னார். அதற்குப் பிறகு காற்றடிக்கக்கூட எங்கள் கடைக்கு வந்ததில்லை. ஓஸ் நீளம் சரியில்லாத எந்த வாகனத்துக்கும் பெரிய ரயர் பூட்டுவதில்லை என்று நானும் டேமியன் அண்ணையும் முடிவெடுத்தோம். கண்ணீர் விட்டாலும் இல்லை, கடல் சரிவந்தாலும் இல்லை.

போன மாதம் ஒருவர் வல்வெட்டித்துறையிலிருந்து கேப்பில் வந்தார். இறங்கினதும் போனை நீட்டினார். மயிலிட்டிக் கேப்பின் படம். பின்பாதி கடலுக்குள், முன்சில்லு இரண்டும் சரிவில் ஏறி நிற்க, பின்னுக்கு நீல வானம். ஆரோ எடுத்துப் போட, ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். "உது நீங்கள் பூட்டினதாமே? என்ன சைஸ் அது? அதே சைஸ் எனக்கும் வேணும்" என்றார். அந்தப் படத்தில் ஓரமாக, சீமெந்தில் இருக்கிற ஒரு மனிதனைச் சுற்றி நாலு பேர் குனிந்து நிற்பது தெரிகிறது. அதை விரலால் பெரிதாக்கிக் காட்டி, இது ஆரென்று தெரியுமோ என்று கேட்டேன். அவர் பார்த்தார். ஆரோ மீன்காரர் என்றார்.

என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு டேமியன் அண்ணை மெசினை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்தார். மட்டமத்தியானம், கடைக்கதவை இழுத்து மூடினேன். வல்வெட்டித்துறைக்காரர் போனைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கக் கடைக்குக் கேப்பைத் திருப்பினார். திருப்பும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "உங்களுக்கு யாவாரம் செய்யத் தெரியேல்லை அக்கா."

ஆக, பூட்டினாலும் பேச்சு, பூட்டாவிட்டாலும் பேச்சு என்றான பிறகு, பூட்டாமலே பேச்சு வாங்குவதென்று முடிவெடுத்திருக்கிறேன். கையாவது அழுக்காகாமல் இருக்கும்.