ஜெயத்தின் பிக்கப்பில் கண்ணாடி வேர்த்தது

அன்று காலை ஜெயம் பிக்கப்பைக் கராஜ் வாசலில் குறுக்காக விட்டுவிட்டு இறங்கினார். கதவைக்கூடச் சாத்தவில்லை. எஞ்சினை நிறுத்தி உருவிய திறப்பை நிசாம் தம்பியின் மேசையில் போட்டார்.

"அண்ணை, உந்தப் பிக்கப்பை நான் இனி ஓடமாட்டன். வித்துத் தாங்கோ."

"என்னப்பா, ஆரையும் அடிச்சுப் போட்டீரோ?"

"அடிக்கேல்லை. அடிச்சிருப்பன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஒரு மனுசி பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு றோட்டைக் கடக்குது. கண்ணாடி முழுக்க வேர்த்துப் புகார். அவ பொனற்றில கையால அடிச்ச பிறகுதான் ஆள் நிக்கிறதே எனக்குத் தெரிஞ்சது."

நிசாம் தம்பி இந்தப் பனிநாட்டில், மல்வேர்னில் உள்ள அந்தக் கராஜின் முதலாளி, மெக்கானிக்கும் அவரேதான். நான் அங்கே வாகனங்களின் உள்பக்கத்தைத் துப்புரவு செய்கிறவள். வக்கூம் பிடிப்பது, சீற் கழுவுவது, கண்ணாடி துடைப்பது. ஜெயம் வீட்டுக் கூரை போடுகிறவர். ஏணி ஏற்ற அந்த பிக்கப் இல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. ஆனால் மனுசனுக்கு ஸ்ரியறிங்கைப் பிடிக்கிற தைரியமே போயிருந்தது.

நிசாம் தம்பி முதலில் உள்காற்றையே சுற்றவிடுகிற பட்டனைப் பார்த்தார். குளிருக்கு எங்கள் ஆட்கள் அதை அமத்தியே வைத்திருப்பார்கள். மூச்சுக்காற்று வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் படியும். ஜெயம் அதை அமத்தவில்லை.

"அப்ப ஹீற்றர் கோர்தான் ஒழுகுது. டாஷ்போட் முழுக்கக் கழட்டவேணும்," என்றார் நிசாம் தம்பி.

ஹீற்றர் கோர் என்பது உள்ளே சூடு தருகிற சின்ன றேடியேற்றர். அதற்குள் ஓடுகிற, எஞ்சினைக் குளிரவைக்கிற கூலன்ற் ஒழுகினால் அதன் ஆவியும் கண்ணாடியில் படியும். ஆனால் துடைத்த துணி எண்ணெய் போலப் பிசுபிசுக்கும், இனிப்பு மணம் வரும். நான் அந்த நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் துணியில் வெறும் தண்ணீர்தான். எனக்கு விளங்கிவிட்டது, ஆனால் வாய் வரவில்லை. வேலை தெரிந்தவர்கள் கதைக்கும்போது நான் இடையில் போகிறவள் இல்லை. அவர் முதல் ஆணியைக் கழற்றிவிட்டார். இனியும் பேசாமல் நின்றால் டாஷ்போட் வெளியே வந்துவிடும் என்று துணியை நீட்டினேன்.

"தம்பி, துணி பிசுபிசுக்கேல்லை."

அவர் துணியை விரலால் உரசி, மணந்து பார்த்தார். ஆணியைத் திரும்பப் பூட்டினார்.

"உதை வாய் திறந்து சொல்ல இவ்வளவு நேரமோ, அக்கா?"

பிறகு பின்சீற்றைத் தூக்கி, காப்பெற்றைக் கிளப்பினோம். மேலே காய்ந்துதான் கிடந்தது. கீழே இருந்த தடித்த பஞ்சை அமத்தினேன். என் மணிக்கட்டு வரைக்கும் தண்ணீர் ஏறியது. ஒருவருக்கும் தெரியாமல் அவ்வளவு தண்ணீர் அங்கே படுத்திருந்திருக்கிறது. ஹீற்றரைப் போட்டதும் அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாக எழும்பி, முன்னுக்குப் போய், ஆகக் குளிர்ந்த கண்ணாடியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. புட்டுப் பானை மூடியில் இதைத்தான் தினமும் பார்க்கிறேன். ஒரு பிக்கப் முழுவதும் அப்படிப் பானையாகும் என்று நினைத்திருக்கவில்லை.

தண்ணீர் எந்த வழியால் வந்தது? நிசாம் தம்பி பின்சீற்றுக்குப் பின்னால் உள்ள சுவரை மூடியிருந்த மட்டையைக் கழற்றினார். கருநீலத் தகடு தெரிந்தது. தகட்டில் பவுடர் பூசி, வெளியே இருந்து ஹோஸால் அடித்தால், தண்ணீர் வருகிற வழியில் பவுடர் கரையும். பவுடர் டின்னைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. என் கைப்பையில் திருநீறு இருந்தது. கொஞ்சம் யோசித்தேன். ஒரு மனுசனின் பயம் தீரத்தானே என்று எடுத்தேன். பூசும்போது விரல்கள் பழக்கத்தில் தம்பாட்டில் மூன்று கோடாக இழுத்துவிட்டன.

நிசாம் தம்பி எட்டிப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! ஜெயம், உம்மட பிக்கப்புக்கு அக்கா பட்டை போட்டிட்டா. இனி ஒழுகப் பயப்பிடும்."

அன்று முதல்முறையாக ஜெயம் சிரித்தார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ரோர்ச்சோடு இருந்தேன். நிசாம் தம்பி வெளியே நின்று ஹோஸால் முதலில் கீழே அடித்தார். பிறகு பின்கண்ணாடியைச் சுற்றி அடித்தார். திருநீறு வெள்ளையாகவே இருந்தது. பிறகு கூரையில் அடித்தார். தலைக்கு மேலே பெருமழை பெய்வது போல இருந்தது. கண் வெட்டாமல் பார்த்தேன். பின்கண்ணாடிக்கு மேலே இருக்கிற மூன்றாவது பிரேக் லைற்றின் அடியிலிருந்து மயிர் போல ஒரு தண்ணீர்க் கோடு இறங்கியது. முதல் பட்டையை வெட்டியது. இரண்டாவதை வெட்டியது. மூன்றாவதையும் வெட்டிக்கொண்டு கீழே ஒளிந்தது. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"தம்பி, வருது! வருது!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் தெரியும்.

லைற்றைக் கழற்றினால் ஓரம் வெடித்திருந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் நசிந்து கிடந்தது. பக்கத்தில் வெள்ளிக் கீறல்கள். ஜெயம் குனிந்து பார்த்தார்.

"ஏணி," என்றார்.

"ஊர்க் கூரையெல்லாம் ஒழுக்கு அடைக்கிற ஆள்," என்றார் நிசாம் தம்பி. "சொந்தக் கூரையை ஏணியால குத்திக் குத்தி ஓட்டை போட்டு வச்சிருக்கிறீர்."

புது லைற் பூட்டி, மறுபடி ஹோஸ் அடித்துப் பார்த்தோம். ஒரு துளி வரவில்லை. பஞ்சை வெளியே எடுத்து இரண்டு நாள் விசிறி வைத்துக் காயவிட்டேன். மூன்றாம் நாள் ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜெயம் வந்து ஏறி இருந்து, ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்தார். எஞ்சின் ஓடியது, பிக்கப் ஓடவில்லை.

"போய்ப் பாருமன்," என்றார் நிசாம் தம்பி.

"ஓம் அண்ணை," என்றார் ஜெயம். அசையவில்லை.

வாடிக்கையாளரின் முன்சீற்றில் துடைக்க மட்டும்தான் நான் ஏறியிருக்கிறேன். அன்று மற்றக் கதவைத் திறந்து ஏறி, பெல்ற்றைப் போட்டேன்.

"போவம், தம்பி."

இரண்டு பேரின் மூச்சு, நனைந்த ஜக்கெற், நனைந்த சப்பாத்து எல்லாம் உள்ளே. கண்ணாடி பளிங்கு போல இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அவர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். றோட்டைக் கடந்த ஒரு சின்னப் பெட்டை திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"அன்ரி, உவள் எனக்கு நாக்கைக் காட்டுறாள்!" என்றார் ஜெயம்.

"ஓம், கண்டனான்."

அவரும் நாக்கை நீட்டிக் காட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிக்கப்பை ஓட்டினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கண்ணாடி வேர்த்தால் கண்ணாடியோடு நின்றுவிடாமல் காப்பெற்றைத் தூக்கிப் பாருங்கள். திருத்திய வாகனத்தை ஓட்ட ஒருவர் பயந்தால், திறப்பைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று போகாமல், பக்கத்தில் ஒருதரம் ஏறி இருங்கள்.