படித்துறையில் நின்ற சொல்

சென்னையிலிருந்து மகள் நேற்று என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கோ ஒரு தீவில் நூறு வயதைக் கடந்தவர்கள் கிழங்கு அவித்துத் தின்று, குன்றேறி இறங்கி, நோயின்றி வாழ்கிறார்களாம். படம் முடியும் முன்னரே அவள் அழைத்துவிட்டாள். "பாத்தீங்களாப்பா? நீங்க இங்க வந்துருங்க. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. ஆத்துக் குளியல் இனிமே வேண்டாம்."

யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்தேன். கிழங்கு வாசம் கைப்பேசியில் வராது. எனக்கு வந்தது ஈரவேட்டியும் திருநீறும் பாசியும் கலந்த தாமிரபரணிப் படித்துறையின் வாசம்.

ஆசிரியர் வேலை கிடைத்து டவுணுக்குக் குடிவந்த புதிதில், விடியலில் அங்கே ஐவர் நீராடி அந்தாதி பாடுவார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், என் குரலுக்காக அல்ல, நான் கொண்டுபோகும் சோப்புக்காக என்றே இன்றும் ஐயுறுகிறேன். ஒருவர் பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். கடைசிப் பாட்டோ முதற்பாட்டின் முதற்சொல்லிலேயே போய் நிற்கும். வெயில் படியைத் தொட்டதும் நிறுத்துவோம். சொல் எவரிடம் நின்றதோ, மறுநாள் அவர்தான் தொடங்க வேண்டும், பிறர் தொடங்கலாகாது.

உணவை மட்டும் கேளாதீர்கள். மாலைதோறும் வாழையிலையில் நெய் வழிய நாங்கள் தின்ற அல்வாவைக் கண்டால் அந்தத் தீவுக்காரர்கள் குன்றிலிருந்தே உருண்டிருப்பார்கள்.

ஒருமுறை ஜவுளிக்கடைச் சுப்பையா அண்ணாச்சியிடம் சொல் நின்றது. கடுங்காய்ச்சலால் அவர் வரவில்லை. உறவினர்கள் கூடத்தில் கூடித் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஈரவேட்டியோடு போய்க் கட்டிலைச் சூழ்ந்துகொண்டோம். எங்களில் மூத்தவர் குனிந்து, "வே, சொல்லு அங்கன நிக்குது, நீரு இங்கன கிடக்கீரு. நாங்க என்னத்தப் பாட?" என்றார்.

சுப்பையா கண் திறந்து, காற்றாய்ப் போன குரலில் பாடினார். மூத்தவர் இடைமறித்தார்:

"ஒரு அடி விட்டுப்போச்சுவே."

"நான் விடல. உமக்குத்தான் காது அவிஞ்சு போச்சு" என்று எழுந்து உட்கார்ந்தார். அந்த வழக்கை நடத்தவே அவர் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார் என்பது என் துணிபு. கிழங்கைப் படம் பிடித்தவர், அந்தத் தீவில் விடிந்ததும் யாரை யார் எதிர்பார்த்து நிற்கிறார் என்பதைப் படம் பிடிக்கவில்லை.

இரவு மகளை நானே அழைத்தேன். "வெள்ளிக்கிழமை முடியாதும்மா. சொல்லு என்கிட்ட நிக்குது."

"எல்லாரும்தான் போயிட்டாங்களேப்பா. யாரு கேக்கப் போறா?"

"அதான். இப்ப எல்லாச் சொல்லும் என்கிட்டதான் நிக்குது. அந்தாதி முடியட்டும், வாறேன்."

"அது முடியாதேப்பா" என்றாள். கேட்டு வளர்ந்தவள் அல்லவா.

இன்று காலையும் இறங்கினேன். ஐவர் நின்ற படிகள் காய்ந்து, பிளாஸ்டிக் உறைகள் ஒதுங்கிக் கிடந்தன. மேற்படியில் மேலப்பாளையத்துக் காசிம் அண்ணாச்சி மட்டும் அமர்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்காக நடக்க வந்து, ஆண்டுக்கணக்காய்க் கேட்டே அத்தனையும் மனப்பாடமாக்கியவர். "பாட்டு உம்மதுவே, காது என்னது" என்பார்.

சுப்பையாவின் பாட்டு வந்தது. அன்று அவர் விட்ட அடியை நானும் விட்டே பாடினேன்.

மேற்படியிலிருந்து குரல் வந்தது: "ஒரு அடி விட்டுப்போச்சுவே."