பூசைக்குப் போன பாட்டுக்காரர்

என் மேசையில் ஓர் இறுவட்டு, பாட்டு சி.டி., கிடக்கிறது. அட்டைப் படத்தில் ஏழு பேர். ஆறு ஜெர்மானியர் தலையில் கௌபாய் தொப்பி; ஏழாமவர் தலையில், தேவாலயத்தின் பழைய உடுப்புப் பெட்டியிலிருந்து பொறுக்கியெடுத்த கம்பளிக் குல்லா. அந்த ஏழு பேரில் உண்மையாகவே மாடு மேய்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவரை நான் அண்ணை என்றே கூப்பிட்டேன். மன்னார்க் கத்தோலிக்கர். எண்பதுகளில் ஜெர்மனியின் அகதி முகாம் ஒன்றில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவன் என்பதால் அவருக்கு நான் ‘கிளாக்கர்’. முகாமில் எல்லாருடைய படிவங்களையும் நிரப்பியது நான்தான். ஜெர்மனியில் மூச்சுவிட மட்டும் விண்ணப்பம் தேவையில்லை. சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உருளைக்கிழங்கு உரிக்கும்போது அண்ணை அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகளைப் பாடுவார். வானொலியும் கலியாண வீடுகளும் கற்றுக்கொடுத்த பாட்டுகள். மன்னாரில் அது அதிசயமில்லை. முகாமுக்குத் தினமும் பாண், அதாவது ரொட்டி, கொண்டுவரும் ஜெர்மானியருக்கு அதிசயமாக இருந்தது. பாண்காரர் ஓய்வு நாட்களில் ஒரு கன்ட்ரி குழு நடத்தினார். பக்கத்து ஊர் மண்டபத்தில் தங்களோடு பாட வரும்படி அண்ணையைக் கேட்டார். அந்த ஊரோ மாவட்ட எல்லைக்கு அப்பால் இருந்தது. எழுத்தில் அனுமதி பெறாமல் எல்லை தாண்டினால் அகதிக்கு அது குற்றம். பாடப் போகிறார் என்று உண்மையை எழுதிக் கேட்டேன். தக்க காரணமில்லை என்று திரும்பி வந்தது. அதே ஊரில் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று இருப்பது பிறகுதான் என் கண்ணில் பட்டது. சனி மாலைப் பூசைக்கு என்று எழுதினேன். அனுமதி வந்தது. எனக்கும் சேர்த்துக் கேட்க வழியில்லை. நான் சைவன் என்பது கோப்பில் இருந்தது. அண்ணை பாண் வண்டியில் ஏறிப் போனார். நான் அறையிலேயே இருந்து என் காலுறைகளோடு அவருடையதையும் தோய்த்துப் போட்டேன்.

இருபது வருடத்தில் நாங்கள் இருவரும் வேலை, வீடு, முதுகுவலி எல்லாம் தேடிக்கொண்டோம். பாண்காரர் இறந்த பின், அவருடைய மகள் கார்க் கொட்டிலில் அந்தக் கச்சேரியின் ஒலிநாடாக்களைக் கண்டெடுத்தாள். சிறிய நிறுவனம் ஒன்று அவற்றை இறுவட்டாக வெளியிட முன்வந்தது. பாடியவர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தையும், நாடாவின் பிரதியாக ஒரு வட்டையும் எடுத்துக்கொண்டு அண்ணை என்னிடம் வந்தார். அவருடைய குடியுரிமை விண்ணப்பம் அப்போதுதான் கந்தோரில் கிடந்தது.

“கிளாக்கர், என்ரை பாட்டை வெட்டச் சொல்லி எழுதும்.”

“ஏன் அண்ணை?”

“ஊரும் திகதியும் அட்டையிலை போடப்போகினமாம். என்ரை ஃபைலிலை அண்டைக்குப் பூசையெண்டெல்லோ கிடக்கு. பாஸ்போட் தாற நேரத்திலை ரெண்டையும் சேத்துப் பாத்தால்?”

“அது காலாவதியான விசயம். இனி ஒருத்தராலும் ஒண்டும் செய்ய ஏலாது.”

“பொய் எழுதினது நீர். போனது நானெல்லோ.”

“நீங்கள் பயப்பிடுறது கந்தோருக்கோ, மாதாவுக்கோ?”

“ரெண்டு இடத்திலையும் ஃபைல் இருக்கு, ஐசே.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த அனுமதிக் கடிதத்தை என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்றாக எண்ணியிருந்தவன் நான். வெட்டச் சொல்லும் கடிதத்தை எழுதினேன். படிவத்தின் பின்பக்கத்தில் பாண்காரரின் மகள் ஒரு கேள்வி குறித்திருந்தாள்: நாடாவில் முதல் பாட்டு எந்த மொழியென்று தெரியவில்லை, விவரம் தர முடியுமா?

வட்டைக் கையில் எடுத்தேன். “அதைப் போடாதையும்,” என்றார் அண்ணை. போட்டேன்.

பியர்க் கிளாசுகளின் சத்தம். பாண்காரர் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். பிறகு அண்ணையின் குரல், தமிழில், மாதாவை வேண்டும் பாட்டு. இரண்டு வரி குழு திகைத்து நிற்கிறது. மூன்றாவது வரியில் கிட்டார் ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. அதன் பின்னால் குதிரைக் குளம்புபோல மேளம். மண்டபம் கைதட்டுகிறது, ஒருவர் விசிலடிக்கிறார். மாதாவுக்கு அப்படியொரு வரவேற்பு வேறெங்கும் கிடைத்திருக்காது. பாட்டு முடிந்ததும் அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் சொல்கிறார்: “என் நண்பன் எனக்குக் கடதாசி எழுதினான். அவனுக்குக் கடதாசி இல்லை. இந்தப் பாட்டு அவனுக்கும்.”

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் என் மேசைவிரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“பூசையெண்டு போட்டு, பூசையில்லாமல் விடேலுமே? கோயிலுக்குப் போக நேரம் காணேல்லை. அதுதான் அங்கையே துவங்கினனான். உம்மைப் பொய்யனாக்கக் கூடாதெல்லோ.”

இருபது வருடம் இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் அந்த மாலை எப்படிப் போனது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அனுமதி கிடைத்ததோடு என் அக்கறை முடிந்துவிட்டது.

வெட்டச் சொல்லும் கடிதத்தைக் கிழித்தேன். படிவத்தில், பாட்டின் வகை என்ற கட்டத்தில், மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் கன்ட்ரி என்றிருந்தது. முதல் பாட்டுக்கு ‘பூசை’ என்று ஜெர்மனில் எழுதி அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். “இப்ப சரி,” என்று கையெழுத்து வைத்தார். இறுவட்டு வந்தது. குடியுரிமையும் வந்தது. எந்த அதிகாரியும் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் சொன்னது சரி என்பதில் முதல் தடவையாக எனக்குப் பெருமை வரவில்லை.

போன மாரியில் அண்ணை காலமானார். காலையில் தேநீரோடு இருக்கும்போது அட்டையிலுள்ள கம்பளிக் குல்லாவை ஒருதரம் பார்த்துவிட்டு முதல் பாட்டைப் போடுவேன். கிளாசுகள் மோதும், விசில் பறக்கும், அண்ணை எனக்கும் சேர்த்துப் பாடுவார். அந்த மாலைக்குப் போக எனக்கு அனுமதி இருக்கவில்லை. இப்போது நினைத்த நேரமெல்லாம் போய் வருகிறேன்.