நடுவில் ஒரு சிவப்புக் கோடு

அந்த விளையாட்டில் ஒரு கடற்கரைச் சாலை உண்டு. கல்லூரி நாட்களில் நானும் என் நண்பனும் அவன் வீட்டுப் பெட்டித் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு அந்தச் சாலையில் கார் ஓட்டியிருக்கிறோம். விளையாட்டை ஓட்டிய கன்சோல் பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது. இப்போது அதே விளையாட்டு என் லேப்டாப்பில், பழைய கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் குமணன்சாவடியிலிருந்து அண்ணனூரில் என் வீட்டுக்கு வருவான். பக்கவாதம் வந்தபிறகு வரவில்லை.

கையும் காலும் சரியாகிவிட்டன. சரியாகாதது பார்வையின் இடது பாதி. கண்களில் கோளாறில்லை, மூளையில் அந்தப் பாதியை வாங்கிக்கொள்ளும் இடம் கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். திருமழிசை தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டியவனை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பைக் சாவி மனைவியிடம் போனது. ஒருநாள் அவனே போன் செய்தான்.

“ஞாயித்துக்கெழம வரேன் மாமே. ஓட்டிப் பாக்கறேன். ஒரு பொம்ம காரையே ஓட்ட முடிலன்னா, இனிமே என்ன எதுக்கும் கூப்டாத.”

வேடிக்கைக்குச் சொல்லும் குரல் இல்லை அது.

படம் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தால் அவனுக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். முந்தின நாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் லேப்டாப்பைக் கூடத்து டிவியில் இணைத்து, எமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். ரெசல்யூஷனை இரண்டு மடங்காக்கினேன், பிறகு நான்கு மடங்கு. கட்டம் கட்டமாக இருந்த காரின் விளிம்பு நேரானது. இத்தனை வருடமும் வெறும் பச்சைப் பூச்சாக இருந்த ஒன்று, ஒரு மரத்தடி பெஞ்சு என்று தெரிந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தூரத்து மலை ஒரு தட்டையான பலகையில் வரைந்த படம். அதன் மேல்விளிம்பு வானத்தோடு சரியாகப் பொருந்தவில்லை.

அகலத்திரையைப் போட்டதும் கடல் நீண்டது. பழைய சட்டத்துக்கு வெளியே இருந்த கடல். அங்கே அலை இருந்தது, சத்தமில்லை. ஒரு படகு, கார் நெருங்கும்வரை அசையாமல் நின்று, பழைய படத்தின் எல்லையைத் தொட்டதும் மிதக்கத் தொடங்கியது. நம் பார்வைக்குள் வரும்வரை அது காத்திருந்தது போலிருந்தது. வெளியே பணிமனைக்குத் திரும்பும் மின்சார ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தம் திரையிலிருந்து வருகிறதா வெளியிலிருந்தா என்று சற்று நேரம் தெரியவில்லை.

ஞாயிறன்று அவன் மனைவி அவனை ஸ்கூட்டரில் கூட்டிவந்தாள்.

“காலைலேந்து மூணு சட்ட மாத்திட்டாருண்ணா. பொண்ணு பாக்கப் போற மாரி,” என்றாள்.

“ஏய், சும்மா இரு,” என்றவன் டிவியைப் பார்த்து நின்றான். “இன்னா மாமே, தேட்டர் மாரி கீது!”

ஓட்டினான். முதல் வளைவே இடதுபக்கம். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. மறுபடியும் அதே சுவர். தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். திரை அகலமாக அகலமாக அவன் தேட வேண்டிய தூரமும் கூடியிருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. கன்ட்ரோலரைத் தரையில் வைத்தான்.

“இடதுபக்கம் இருட்டா தெரியுதா?” என்று கேட்டேன்.

“இருட்டுன்னாதான் இன்னாவோ கீதுன்னு தெரியுமே மச்சான். அங்க இருட்டு கூட இல்ல.”

அவன் மனைவி எழுந்து ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள்.

“பேப்பர் எப்படிப் படிக்கிறே?” என்றேன். நான் பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பவன். வேறு கேள்வி தோன்றவில்லை.

“அது படிப்பாரு,” என்றாள் அவள். “ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தாங்க. பத்தியோட எடது ஓரத்துல செவப்புப் பேனாவால கோடு போட்டுக் குடுப்பேன். கோட்டப் புடிச்சிகினு படிச்சிடுவாரு.”

கோட்டின் மேல் கண்ணை வைத்தால் பத்தி முழுக்க அவனுக்குத் தெரியும் வலதுபக்கம் வந்துவிடுகிறது. பத்தி குறுகலாக இருந்தால் போதும்.

அந்த விளையாட்டில் இருவர் ஆடத் திரையை மேல்கீழாகவோ பக்கம்பக்கமாகவோ பிரிக்கலாம். பெட்டி டிவியில் பக்கம்பக்கம் என்றால் ஆளுக்கு ஒரு கீற்றுதான் கிடைக்கும் என்பதால் நாங்கள் அதைத் தொட்டதில்லை. அகலத்திரையில் அது இரண்டு நல்ல பத்திகளாக விழுந்தது. இடது பத்தி எனக்கு, வலது அவனுக்கு. அலுவலகத்தில் பத்திகளுக்கு நடுவே போடும் கோட்டைப் போலவே ஒரு சிவப்புக் கோட்டை லேப்டாப்பில் வரைந்து, எமுலேட்டர் படத்தின் மேல் நடுவில் ஒட்டினேன்.

“கோட்டையே பாரு. காரைத் தேடாதே.”

“காரப் பாக்காம எவன்டா கார் ஓட்டுவான்?” என்றாலும் பார்த்தான்.

முதல் வளைவில் லேசாக உரசினான். அடுத்ததில் உரசவில்லை. கடல் வந்தது. அவன் பத்தியில் அந்தச் சாலை முழுதாக இருந்தது.

“நீ எங்கடா கீற?”

“உன் பக்கத்துலதான்.”

“பக்கத்துலன்னா எனக்கு நீ இல்ல. முன்னால வா.”

இரண்டு கார்களும் ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் வேகம் கூட்டினேன். என் வெள்ளைக் கார் சிவப்புக் கோட்டின் ஓரத்திலிருந்து, எங்கிருந்தும் வராதது போல, அவன் சாலையில் வந்து நின்றது.

“தோ வந்துட்டான்!” என்று கத்தினான்.

ஆட்டம் முடிந்தது. நான்தான் முதல். அவன் மனைவி சாவியை மேசையில் வைத்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

“ஓவரா சிரிக்காத மாமே,” என்றான் அவன், என்னைப் பார்க்காமல், கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல். ஸ்டார்ட் பட்டனை அவனே அழுத்தினான்.