ஏசிக்குக் கீழே ஒரு மரியாதை நாற்காலி

அந்தப் பேராசிரியரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

சென்னைக்குத் தெற்கே, படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தேன். வெளியே உப்புக்காற்றும் வேர்வையும். கம்ப்யூட்டர் லேபுக்குள்ளே மெஷின்களுக்காகப் பதினெட்டில் ஏசி. அதற்கு நேர் கீழே இருந்த சீட்டுக்கு யாரும் போகமாட்டோம். முட்டுக்காட்டுக் கடற்காற்றிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே அங்கே உட்கார்ந்தால் மூக்கு ஒழுகும்.

அந்த சீட்டைத்தான் அவர் என் தோழிக்குக் கொடுத்தார். அவள் ஊட்டிக்காரி.

"குளுரு ஊர்ல பொறந்தவ, உனக்கு இன்னாம்மா? அங்க போய் குந்து" என்றார். லேபே சிரித்தது.

ஊட்டியில் இருந்தவரை அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. எங்கள் ஊர் வெக்கைக்கும் அந்த ஏசிக்கும் மாறி மாறி அல்லாடித்தான் வீசிங் வந்தது. சீட்டை மாற்றித் தரும்படி கேட்டாள். "நடிக்காத" என்றார். இன்ஹேலர் அடிக்க வெளியே போகும்போதெல்லாம் ஆப்சென்ட் போட்டார். கடைசியில், அட்டெண்டன்ஸ் போதவில்லை என்று பரீட்சையே எழுத விடவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போன அன்று, இந்த ஆளை இரும வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

சந்தர்ப்பம் வந்தது. லேபில் ப்ராஜெக்ட் கண்காட்சி. நாற்காலி போடும் பொறுப்பு எனக்கு. வெயிலில் வந்தவரைக் காற்றுக்கு நேராக உட்கார வைப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அப்படி உட்கார்ந்தவர் எழுந்து நகர்ந்தால் உபசரித்தவருக்கு அவமானம். வெளியூர் விருந்தினர்கள் பார்க்க, இருப்பதிலேயே நல்ல நாற்காலியை ஏசிக்குக் கீழே இழுத்துப் போட்டேன்.

"சார், நீங்க இங்க உக்காருங்க. காத்து ஜில்லுனு வரும்."

பூரித்துப்போய் உட்கார்ந்தார். ரிமோட் என் பையில் இருந்தது.

மத்தியானத்துக்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நன்றியுரையில் பாதிக்கு மேல் பேச்சு வரவில்லை, இருமல்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "நடிக்காதீங்க சார்" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

மறுநாள் லேபுக்குப் போனால், ஏசி இருபத்தாறில் ஓடுகிறது. அந்த சீட்டையே தூக்கிவிட்டிருந்தார்கள்.

"மன்சன் குந்த முடியாதுப்பா அங்க. ஒரே பேஜாரா பூட்ச்சு" என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே நாளில் ஒத்துக்கொள்ளாமல் போன காற்றில்தான் அவள் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்திருந்தாள். இப்போது லேப் சரியாகிவிட்டது, அவள்தான் அங்கே இல்லை. அதே பரீட்சையை அடுத்த வருஷம் ஜூனியர்களோடு எழுத ஊட்டியில் காத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளை இன்னும் ஒரு வாரம் அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும்.