மார்வாவுக்கு எல்டன் கெட்டித்த தோட்டா

கடையில் தோட்டா வாங்கிச் சுடுகிறவனை எல்டன் ஹோகன் முழு மனிதனாக மதிப்பதில்லை. நான் கடையில் வாங்குகிறவன். அப்படியும் இத்தனை வருஷமாக அவனுக்கு நெருங்கிய நண்பன் நான்தான் என்றால், எங்கள் ஊரில் ஆள் குறைவு என்பது ஒரு காரணம். அவன் மனைவி மார்வா செய்யும் இலவங்கப்பட்டை ரொட்டி இன்னொரு காரணம்.

எல்டனுக்குத் தொழில் கோதுமை அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. அறுவடைக் காலத்தில் ஜூடித் ஆற்றுப் பக்கத்தில் அவனைத் தேடி அலையாத விவசாயி கிடையாது. பனி விழ ஆரம்பித்துவிட்டால் தேடவே வேண்டாம். கார் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் தோட்டா கெட்டித்துக்கொண்டிருப்பான்.

சுட்டு முடிந்ததும் பித்தளைக் கூடு மிஞ்சுகிறதல்லவா, அதில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பிக்கிறது. கூடுகளைக் கொண்டுவந்து வால்நட் ஓட்டுத் தூளில் போட்டுக் குலுக்கிப் பளபளப்பாக்குவான். கைப்பிடி வைத்த ஓர் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தி அழுத்தி, வெடித்தபோது விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவான். அடியில் பொறி தட்டும் புதுக் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்குள் அவன் ஒரு குளிர்காலத்தையே ஓட்டிவிடுவான்.

மருந்து நிறுக்கும்போது அவனைப் பார்க்க வேண்டும். சின்னத் தராசு. ஒரு மெல்லிய குழாயை விரலால் திருகத் திருக, மருந்து பொடிப்பொடியாகத் தட்டில் விழும். முள் நடுவில் வந்து நிற்கும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அதைச் சம்பளம் வாங்கும்போது கூட நான் பார்த்ததில்லை. அப்போது ரேடியோ கிடையாது, காபி கிடையாது, வீட்டில் தீப்பிடித்தாலும் பதில் கிடையாது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்தால், சுடுகிறவன் முகத்திலேயே துப்பாக்கி வெடிக்கும். ஒரு தடவை நான் தெரியாமல் வானிலையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டேன். அதுவரை கெட்டித்து மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தியிருந்த அத்தனை கூடுகளையும் கவிழ்த்து, மருந்தைத் திரும்பக் கொட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவைத் திறந்து வைத்தான், அவ்வளவுதான்.

"கடையில பெட்டி பெட்டியா விக்கறான். இதுக்குப் போய் இப்படி மெனக்கெடறியே" என்று கேட்டால் சிரிப்பான்.

"கடையில இருக்கறது ஊருக்கெல்லாம் ஆக்கின சோறு, ரஸ். பசிச்சா தின்னலாம். இந்தத் துப்பாக்கிக்கு என்ன புடிக்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"துப்பாக்கிக்குப் புடிக்கறது இருக்கட்டும். பொண்டாட்டிக்குப் புடிக்கறது தெரியுமா உனக்கு?"

"ரெண்டுக்கும் ஒண்ணுதான் புடிக்கும். கேட்டுப் பாரு."

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையால் கெட்டித்த தோட்டாவை இன்னொருவர் சுட மாட்டார். உடன்பிறந்தவன் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வைத்துவிட்டு, கடைக்குத்தான் போவோம். தோட்டா உள்ளே என்ன இருக்கிறது என்று கெட்டித்தவனுக்கு மட்டும்தானே தெரியும். மார்வா மட்டும் கல்யாணமான நாளிலிருந்து எல்டன் கொடுப்பதை ஒரு கேள்வி கேட்காமல் துப்பாக்கியில் போட்டுக் கன்னத்தோடு வைத்துச் சுடுவாள். நான் பார்த்த கல்யாணங்களில் இதைவிடப் பெரிய நம்பிக்கையைப் பார்த்ததில்லை. அவளுடைய துப்பாக்கி, தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே வாங்கியது. அதை வைத்துக்கொண்டு நான் நினைத்தே பார்க்காத தூரத்தில் மானை விழ வைத்திருக்கிறாள். நான் ஆம்பிளை என்று சொல்லிக்கொள்வதை அவள் அப்படிச் சுட்ட வாரம் முழுக்க நிறுத்தி வைப்பேன்.

போன குளிர்காலத்தில் அவள் சர்ச் படிக்கட்டில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். வலது தோள். அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஏதோ திருகு வைத்தார்கள். இனிமேல் துப்பாக்கி வேண்டாம், தொட்டே தீருவேன் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுடும், தோளில் அதிகம் உதைக்காத லேசான தோட்டா போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

"கொழந்தைங்க தோட்டா எனக்கெதுக்கு? அப்படித்தான்னா துப்பாக்கிய வித்துடு எல்டன். நான் வீட்ல ஒக்காந்து கம்பளி பின்னறேன்" என்றாள்.

சும்மா சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரமே துப்பாக்கியை எண்ணெய் துடைத்து, பையில் போட்டு, விற்பதற்கு எடுத்து வைத்துவிட்டாள். எல்டன் பயந்துபோனான். அக்டோபர் மாதம் இருவரும் ஒன்றாக மான் வேட்டைக்குப் போவது தவறினதே இல்லை. கல்யாணத்துக்கு அடுத்து அவர்களுக்குள் பெரிய விஷயம் அதுதான். சர்ச்சுக்குப் போவதைக்கூட இரண்டு பேரும் சண்டை போட்டு நிறுத்தியதுண்டு, இதை நிறுத்தியதில்லை.

வசந்த காலத்தில் நான் அந்த அறைக்குள் போனபோது மேசை மேல் புதுசாக ஒரு மருந்து டப்பா இருந்தது. மருந்தைச் சும்மா குறைத்தால் தோட்டா லேசாகிவிடாது, ஆபத்தாகிவிடும். அதற்கென்று வேறு மருந்து, லேசான குண்டு, புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு எல்லாம் உண்டு. எல்டன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு இது?"

"உன் வாய மூடிட்டிருப்பியா?"

"அவளுக்குத் தெரியாமலா? எல்டன், இது சரியில்ல."

"சரியில்லதான். துப்பாக்கிய விக்கறது மட்டும் சரியா?"

அந்த வசந்தமும் கோடையும் அவன் பட்ட பாடு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் அவன் மேல் எனக்குப் பாசம் பொங்குகிறது. கெட்டிப்பான், குவாரிக்குப் போய்ச் சுடுவான், திரும்ப வந்து பிரிப்பான், மாற்றிக் கெட்டிப்பான். கோட்டு போடாமல் மெல்லிய சட்டையோடு, மார்வாவின் தோளில் தழும்பு எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் துப்பாக்கியின் கட்டையை வைத்துச் சுட்டுப் பார்ப்பான். உதை தோளைத் தள்ள வேண்டும், குத்தக் கூடாது. மார்வாவின் பழைய குண்டுக்கு நீல நிற முனை. கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அதே நீல முனை வைத்த லேசான குண்டாகத் தேடி வரவழைத்தான். குறிக்கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று சொல்லி அவள் துப்பாக்கியைக் கொண்டுபோய், புதுத் தோட்டாவுக்கு ஏற்றபடி நூறு கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்தான். சில வருஷமாக ஆற்றோரத்து வில்லோப் புதர்களில்தான் அவர்கள் மறைந்திருப்பார்கள். அங்கே மான் நூறு கெஜத்தைத் தாண்டி நிற்காது. அதற்கு இந்தத் தோட்டா தாராளம்.

செப்டம்பரில் அவளைக் குவாரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். "ஒரே ஒரு தடவை சுட்டுப் பாரு. வலிச்சா வித்துடலாம்."

அவள் சுட்டாள். அட்டையின் நடுவில் ஓட்டை. மறுபடியும் சுட்டாள். காதடைப்பானைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"என் பழைய தோட்டாதானே இது?"

"ஆமா" என்றான் எல்டன். அவன் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல. தோளு சரியாயிடுச்சு."

அன்றைக்கு எல்டன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அவன் பொய்யே மறந்துவிட்டது. தோள் சரியானதை மார்வா ஊர் முழுக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு உட்கார்ந்தவர்களிடமெல்லாம் தோளைத் தூக்கிக் காட்டினாள். உண்மையைச் சொல்ல எல்டனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அதோடு அடைபட்டது.

வேட்டைக் காலம் ஆரம்பித்த அன்று காலை நானும் அவர்களோடு போனேன். ஆற்றோரத்துக்கு வண்டியைத் திருப்பப் போன எல்டனை மார்வா தடுத்தாள்.

"மேட்டுக்குப் போலாம். தோளுதான் நல்லாயிடுச்சே, புதருக்குள்ள ஏன் பதுங்கணும்?"

"ஆத்தோரத்துல மான் நெறைய இருக்கு."

"போன வருஷமும் அதான் சொன்ன. ஒரு நரிதான் வந்துது."

எல்டன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். மேடு என்பது மொட்டை வெளி. அங்கே மான் தெரிந்தால் தூரத்தில்தான் தெரியும்.

தெரிந்தது. மேட்டின் முதுகில் நாங்கள் ஏறிப் படுத்த கொஞ்ச நேரத்தில், கீழே அறுத்த கோதுமைத் தாளின் ஓரமாக, கொம்பு விரிந்த ஓர் ஆண் மான் பனியைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தது. தூரம் அளக்கும் கண்ணாடி என் கையில்தான் இருந்தது.

"முந்நூத்தி இருவது" என்றேன்.

"எனக்கு அது போதும்" என்றாள் மார்வா. பையை முன்னால் வைத்து அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்தாள். பழைய தோட்டா என்றால் போதும்தான். அவள் கண் குறிக்கண்ணாடியில், மூச்சு மெதுவாகிக்கொண்டிருந்தது.

எல்டன் முகம் வெளுத்திருந்தது. அவன் கெட்டித்த அந்த லேசான குண்டு அவ்வளவு தூரம் போவதற்குள் தாழ்ந்துவிடும். மானின் நெஞ்சைக் குறிவைத்தால் காலில் படும். காயம்பட்ட மான் மூன்று காலில் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். எங்கள் ஊரில் திருடனைக்கூட மன்னிப்பார்கள், அதை மன்னிக்க மாட்டார்கள். மார்வா தன்னையே மன்னிக்க மாட்டாள்.

"மார்வா, சுடாத."

"ஷ்."

"சுடாத. அது உன் தோட்டா இல்ல."

விரல் நின்றது. கண்ணை எடுக்காமலே கேட்டாள். "என்ன சொல்ற?"

"டாக்டர் சொன்ன தோட்டா. லேசானது. நாந்தான் மாத்தினேன். இந்தத் தூரத்துக்கு எட்டாது."

துப்பாக்கியின் பூட்டைப் போட்டாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"ரஸ்ஸுக்கும் தெரியுமா?"

நான் பனியைப் பார்த்துக்கொண்டே தெரியும் என்றேன்.

"ஊருக்கெல்லாம் தோளத் தூக்கித் தூக்கிக் காட்டினேனே. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தீங்க."

  அவள் மறுபடி கீழே பார்த்தாள். மான் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ தூரம் தாங்கும்?"

"நூத்தம்பது. அதுக்கு மேல வேணாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. மேட்டிலிருந்து கீழே இறங்கும் மழைநீர் வெட்டுக்குள் சரிந்து, வயிற்றாலேயே நகர ஆரம்பித்தாள். முழங்கை ஊன்றினால் அந்தத் தோளுக்குத்தான் முழுப் பாரமும். எல்டன் பின்னாலேயே ஊர்ந்தான்.

"துப்பாக்கியக் குடு, நான் தூக்கிட்டு வரேன்."

"தொட்டீன்னா உன்னைத்தான் சுடுவேன். நீ நூத்தம்பதுக்கு உள்ளதான் இருக்க."

நானும் பின்னால் ஊர்ந்தேன். என் வயதில், என் தொப்பையோடு அது எவ்வளவு கேவலமான காட்சி என்பதை மான் பார்க்காமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வெட்டு முடிகிற இடத்தில் அவள் நின்று, நெற்றியைக் கையுறையில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். நான் தூரத்தை அளந்து, நூற்றைம்பதுக்குள் வந்துவிட்டோம் என்று விரலால் காட்டினேன். அவள் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது.

பக்கத்தில் போய், மானின் கழுத்தில் கை வைத்தாள். அது அவள் வழக்கம். அதன் பிறகு கத்தியை எடுத்து வேலையை ஆரம்பித்தாள். எல்டனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலைப் பிடி என்றால் என்னிடம் சொன்னாள். கயிற்றைக் கொடு என்றாலும் என்னிடம்தான். எல்டன் பக்கத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். ஐம்பது பண்ணை இயந்திரங்களை ஓட வைத்தவன், அன்றைக்கு எதற்கும் உதவாதவனாக நின்றதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

கொம்பில் கயிறு கட்டி இழுக்கத் தொடங்கினோம். மார்வா இடது கையால் மட்டும் இழுத்தாள். வலது கை கோட்டுக்குள் இருந்தது.

"வலிக்குதா?" என்றான் எல்டன்.

அவள் நின்றாள். மூச்சு வாங்கினாள்.

"வலிக்குது. குவாரியிலயே வலிச்சுது. ரெண்டாவது தடவ சுட்டதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் சரியாயிடுச்சுன்னு சொன்ன?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். அதுல இருந்த சந்தோஷத்துல எனக்கு வேற என்ன சொல்ல வரும்? பழைய தோட்டாவே இவ்ளோதான் வலிக்குதுன்னா போதும், பல்லக் கடிச்சுட்டு உன்கூட வந்துடலாம்னு நெனச்சேன்."

எல்டன் கையுறையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நான் கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். நல்ல முடிச்சுதான் அது.

"இன்னும் கொஞ்சம் கொறைக்க முடியுமா எல்டன்?" என்றாள். இதுவரை யாரிடமும் எதையும் கேட்டு வாங்காத பெண்பிள்ளை.

"முடியும். வேற குண்டு பாக்கணும். ஆனா நூறு கெஜத்துக்கு மேல போகாது."

"போதும். இந்தத் தடவ எங்கிட்ட சொல்லிட்டுச் செய்" என்று கயிற்றை மறுபடியும் இடது கையில் சுற்றிக்கொண்டாள். "கிட்டப் போறதுக்கு எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு."